மூன்று இறாக்கைகளுக்கு முன்னால்

எங்கள் ஊர் வாசிகசாலைக்குப் புத்தகம் வாங்குமாறு, மாங்குளத்துக்கு அப்பால் பிறந்து இப்போது கனடாவில் வாழும் ஒருவர் கொஞ்சப் பணம் அனுப்பியிருந்தார். அதை எப்படிச் செலவழிப்பது என்பதிலேயே சனசமூக நிலைய நிருவாகம் இந்தச் சிறுபோகம் முழுவதும் இழுபட்டது. இளைஞர்கள் தன்முன்னேற்ற நூல்கள் கேட்டார்கள். உயர்தரத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இலக்கிய வரலாறு கேட்டார்கள். பின்னேரங்களில் வந்து போகும் பெண்கள் காதல் நாவல்கள் கேட்டார்கள். முதல் இரண்டுக்கும் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. மூன்றாவதற்கு வந்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளை, ஊர்க் காசிலை காதல் கதை வாங்கினால் நாளைக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று கேட்டார். நான் தமிழ் படிப்பிப்பவள் என்பதால், பதில் சொல்லும் பொறுப்பும் நூல்களைத் தெரிவு செய்யும் பொறுப்பும் என் தலையில் வந்து சேர்ந்தன.

தன்முன்னேற்றம் நல்லது, வரலாறு அறிவு, காதல் கதை பொழுதுபோக்கு என்ற வரிசையை நான் ஏற்றுக்கொள்வதில்லை. மூன்று இறாக்கைகளிலும், அதாவது மூன்று புத்தக அடுக்குகளிலும், வாங்கத் தக்கவையும் உண்டு, தூக்கி எறியத் தக்கவையும் உண்டு. எந்த நூலைக் கையில் எடுத்தாலும், அது யாரை எதிரே இருத்திக்கொண்டு பேசுகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். நம்மை இருத்தித்தான் பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எதிரே ஒரு மனிதர் இருக்கிறார் என்ற நினைவாவது அதற்கு இருக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, இந்தியாவிலிருந்து வரும் ஒரு நடுத்தர நூலின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பவர்களே இங்கு அதிகம். ஆகவே வாங்கும் ஒவ்வொரு நூலும் வாங்காமல் விட்ட இன்னொரு நூலின் இடத்தில்தான் வந்து உட்காருகிறது.

தன்முன்னேற்ற நூல்களில் தொடங்குகிறேன். இந்த வகைக்கு அதன் ஆங்கிலப் பெயரையே நிலைக்கச் செய்த நூல் சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859 இல் வெளியிட்ட 'செல்ஃப் ஹெல்ப்'. அது பிறந்த விதத்தை அறிந்தால் இன்றைய நூல்களை அளப்பது எளிதாகும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உழைக்கும் இளைஞர்கள் சிலர், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது என்ற ஏற்பாட்டில் மாலை வகுப்புகளைத் தாங்களே தொடங்கினார்கள். கூட்டம் பெருகியபோது, முன்பு வாந்திபேதி நோயாளரைக் கிடத்தியிருந்த, வேறு எவரும் எடுக்க அஞ்சிய ஒரு பழைய மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். அங்கே வந்து பேசுமாறு அவர்கள் ஸ்மைல்ஸை அழைத்ததிலிருந்து வளர்ந்ததுதான் அந்த நூல். தறப்பாள் கொட்டிலிலும் மரநிழலிலும் வகுப்பு நடத்திப் பழகிய வன்னிக்கு இதை விளக்கத் தேவையில்லை. தன் கையே தனக்கு உதவி என்று பேசிய அந்த நூலுக்குப் பின்னால், ஒரு கூட்டம் மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்த உதவி இருந்தது.

இன்று கடைகளில் அடுக்கியிருக்கும் நூல்கள் பலவற்றில் அந்தக் கூட்டத்தைக் காணவில்லை. வாசகர் தனியே நிற்கிறார். அவருக்கு அயலும் இல்லை, காணிப் பிணக்கும் இல்லை, வயதான தாயும் இல்லை. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறிவிடும் என்று பக்கம் பக்கமாகச் சொல்லும் நூல்களைப் புரட்டும்போது எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் ஊரில் ஐந்து மணிக்கு எழும்பாதவர் யார்? பால் கறப்பவர் எழும்புகிறார். தண்ணீர் முறைக்கு வாய்க்காலடியில் காவல் இருப்பவர் படுப்பதே இல்லை. ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கும் பெண்பிள்ளைகள் அதற்கும் முன்னரே சோறு கட்டி முடித்துவிடுகிறார்கள். அவர்களுடைய வாழ்க்கை மாறாமல் இருப்பதற்குக் காரணம் நித்திரை இல்லை.

பணம் பற்றிய நூல்களில் இன்னும் கவனம் வேண்டும். துணிந்து கடன் எடு, கடனை முதலாக்கு என்று உற்சாகப்படுத்தும் ஒரு நூலை, கிழமைக்குக் கிழமை நுண்கடன் அலுவலர் வந்து படலையில் நிற்கும் ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய்க் கொடுப்பதை நான் நன்மை என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டுக்கு வேண்டியது வட்டியைக் கணக்கிடக் கற்றுக்கொடுக்கும் நூல். ஓர் இலட்சம் ரூபாயை மாதம் 2 வீதம் நிலையான வட்டிக்கு எடுத்துப் பன்னிரண்டு தவணைகளில் கட்டினால், மொத்தம் 1,24,000 ரூபாய் கட்டுகிறோம். ஆண்டுக்கு 24 வீதம் என்றுதான் தோன்றும். ஆனால் ஒவ்வொரு மாதமும் முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, முழு முதலுக்கும் வட்டி கட்டுகிறோம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், குறைந்துசெல்லும் மீதிக்கு அது 41 வீதத்துக்கு மேல் வருகிறது. இந்த ஒரு கணக்கை விளங்கும்படி சொல்லியிருக்கிறதா என்று பார்த்துத்தான் பணம் பற்றிய நூலைத் தெரிவு செய்தேன். கையில் எடுத்தவற்றுள் பெரும்பாலானவை கடையிலேயே நின்றுவிட்டன.

மனத்தைப் பற்றிய நூல்களிலும் ஒரு வகையை ஒதுக்கினேன். நேற்றை மறந்துவிடு, இன்று மட்டுமே உண்மை என்று எல்லோருக்கும் ஒரே மருந்தை நீட்டுபவை அவை. 2017 ஆம் ஆண்டு மாசி மாதம் முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளின் படங்களை வைத்துக்கொண்டு இருந்த தாய்மாரைக் கடந்துதான் நாங்கள் சந்தைக்குப் போய் வந்தோம். அவர்களிடம் நேற்றை மறக்கச் சொல்லும் நூலை எழுதியவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் அவர்களை அறியார், அவ்வளவுதான். கவலையோடு இருப்பவருக்கு நித்திரை, மூச்சு, உடல் ஆகியவற்றைப் பற்றி எளிய மொழியில் சொல்லி, எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் நூல் அட்டை அழகில்லாமல் இருந்தாலும் வாங்கத் தக்கது.

வாங்கியவற்றுள் அப்துற் றஹீமின் 'வாழ்க்கையில் வெற்றி'யும் எம். எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்க'ளும் உண்டு. இரண்டும் பழையவை, இரண்டிலும் அறிவுரை அதிகம். ஆனாலும் தமிழில் நினைத்துத் தமிழில் எழுதப்பட்டவை என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இப்போது குவியும் மொழிபெயர்ப்புகளில் கணிசமானவற்றை வாசிக்கும்போது, ஒரு விமான நிலையத்தின் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பதைப் போலவே இருக்கிறது.

இந்த இறாக்கைக்கு என்று நான் மனப்பூர்வமாகத் தெரிவு செய்த நூலைப் பார்த்து இளைஞர்கள் முகம் சுளித்தார்கள். அது உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. தடித்த நூல், அட்டையில் மலையேறும் மனிதரும் இல்லை, உதிக்கும் சூரியனும் இல்லை. ஆனால் 1880 இல் கும்பகோணத்தில் நடந்த அந்தச் சந்திப்பை வாசிக்கச் சொன்னேன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்காகப் பாடம் கேட்டு, கல்லூரியில் தமிழாசிரியராகவும் அமர்ந்துவிட்ட ஓர் இளைஞரிடம், சேலம் இராமசாமி முதலியார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று இவர் அடுக்க அடுக்க, அவர் அசையவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று மட்டும் கேட்கிறார். படித்ததெல்லாம் போதாது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்ன பிறகு அந்த இளைஞர் என்ன செய்தார் என்பதற்கு, ஏழு ஆண்டுகள் கழித்து 1887 இல் அச்சேறிய சிந்தாமணிப் பதிப்பே சான்று. முன்னேற்றம் என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

அதே நூலில் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வருகிறார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்து, கலித்தொகையை அதே 1887 இல் பதிப்பித்தவர். ஆகவே இதை எந்த இறாக்கையில் வைப்பது என்ற பிரச்சினை எழுந்தது. எங்கள் வாசிகசாலையில், நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசம வகுப்பு முறையைத்தான் கடைப்பிடிக்க முயல்கிறோம். தன்முன்னேற்றத்துக்கு 158, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. இந்த முறையில் இலக்கிய வரலாறும் காதல் நாவலும் ஒரே எண்ணின் கீழ் அடுத்தடுத்து நிற்கின்றன என்பதைத் தலைவருக்குக் காட்டியபோது அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

இலக்கிய வரலாறு என்ற பெயரில் பிள்ளைகள் வைத்திருப்பவை பெரும்பாலும் பரீட்சைக் குறிப்புகள். அவற்றைக் குறை சொல்ல மாட்டேன்; பரீட்சை இருக்கும் வரை குறிப்பும் இருக்கும். ஆனால் வரலாறு என்று வாங்குவது வேறாக இருக்க வேண்டும். இந்தத் துறையில் ஈழத்துக்கு நீண்ட மரபு உண்டு. சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர்களின் சரிதங்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் எழுதிய 'தமிழ் புளூராக்' 1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சானது. ஸ்மைல்ஸின் நூல் வந்த அதே ஆண்டு. 1886 இல் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' தமிழில் வந்தது. இவை இரண்டிலும் வரலாறு என்பது தனித்தனி மனிதரின் வாழ்க்கைக் குறிப்புகளாகவே இருந்தது. காலப் பகுப்போடு கூடிய ஒழுங்கான வரலாற்றை நமக்குத் தந்தது வி. செல்வநாயகம் 1951 இல் எழுதிய 'தமிழ் இலக்கிய வரலாறு'. சங்க காலம், சங்கமருவிய காலம், பல்லவர் காலம், சோழர் காலம், நாயக்கர் காலம், ஐரோப்பியர் காலம் என்று நம் பிள்ளைகள் ஒப்புவிக்கும் அந்த வரிசையை அந்த நூலில் காணலாம்.

அதை வாங்கினேன், தெளிவில் அதற்கு இணையில்லை. ஆனால் அதனோடு கா. சிவத்தம்பியின் 'தமிழில் இலக்கிய வரலா'றையும் சேர்த்தே வாங்கினேன். 1988 இல் வந்த அந்த நூல் வரலாற்றைச் சொல்வதை விட, அந்த வரலாறு எப்படி எழுதப்பட்டு வந்தது என்பதை ஆராய்கிறது. பல்லவரோ நாயக்கரோ ஆளாத ஒரு மண்ணில் இருந்துகொண்டு, அவர்களுடைய ஆட்சியை நம் இலக்கியத்தின் மணிக்கூடாக வைத்திருப்பது ஏன் என்று ஒரு பிள்ளை கேட்குமானால், அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேறு நூல் எனக்குத் தெரியாது. முதலாவது வரிசையைக் கற்பிக்கும். இரண்டாவது வரிசையைச் சந்தேகிக்கக் கற்பிக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் வாங்கப் பணம் இருந்தால், பள்ளிப் பிள்ளைக்கு முதலாவதையே வாங்குவேன்.

வாங்குவோருக்கு ஒரு சிறு எச்சரிக்கை. அட்டைக்கு உள்ளே அச்சிட்டிருக்கும் ஆண்டை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். அண்மையில் மறுபதிப்பான நூலாக இருந்தாலும், முதற்பதிப்பு 1951 என்றால், அதற்குப் பின் எழுதப்பட்டது எதுவும் அதில் இராது. ஈழத்து இலக்கியம் தேடுவோர் உள்ளடக்கப் பக்கத்தைத் திறந்து, 'பிற நாடுகளில் தமிழ்' என்ற கடைசி அத்தியாயத்தில் நம்மைச் சில பக்கங்களுக்குள் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பார்க்கவும். மௌனகுரு, சித்திரலேகா, நுஃமான் மூவரும் சேர்ந்து 1979 இல் எழுதிய 'இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்' அளவில் சிறியது. அந்தக் கடைசி அத்தியாயங்கள் பலவற்றை விட நூறு மடங்கு பயன் தருவது.

ஆயினும் அச்சில் வந்ததை மட்டும் கணக்கெடுக்கும் வரலாறுகளில் வன்னி மெலிந்துதான் இருக்கும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய், கடல் நீரில் விளக்கெரியும் வழக்கத்தைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கண்ணகி பாடப்புத்தகத்தில் அறிமுகமாவதில்லை. சிலம்பு கூறலாகவும், முல்லைமோடி என்ற கூத்துப் பாணியில் ஆடும் கோவலன் கூத்தாகவும் அவளை முன்பே தெரியும். அந்தக் கண்ணகி இளங்கோவின் கண்ணகியிலிருந்து எங்கே விலகுகிறாள் என்று கேட்கத் தொடங்கினால், அதுவே இலக்கிய வரலாற்றின் முதல் வகுப்பு. இந்தப் பக்கத்தைப் பற்றி எழுதியோருள் முல்லைமணியின் நூல்கள் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்கலாம்.

வரலாற்றை மூல நூல்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். என் வகுப்பில் சங்கப் புலவர் ஈழத்துப் பூதந்தேவனாரின் பெயரும், அவர் பாடியவை ஏழு பாடல்கள் என்பதும் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு பாடலையேனும் வாசித்தவர் அரிது. குறுந்தொகையின் 189 ஆம் பாடலை எடுத்துக் கரும்பலகையில் எழுதினேன். வேலை நிமித்தம் புறப்படும் தலைவன் தேர்ப்பாகனிடம் சொல்கிறான்: இன்றே போய் நாளையே திரும்பிவிடுவோம்; குன்றிலிருந்து இறங்கும் அருவி போல வெண்மையான தேர் விரையட்டும்; பிறைநிலாப் போன்ற அதன் சக்கரம், வானிலிருந்து விழும் எரிகொள்ளி போலப் பசும்பயிரை அறுத்துக்கொண்டு ஓடட்டும்; காற்றைப் போல் போய், மாலைக்குள் அவளைச் சேர்ந்து மகிழ்வோம். வகுப்பு அமைதியாக இருந்தது. பின்வாங்கிலிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "ரீச்சர், அந்தப் பயிர் ஆற்றை?" யாருடைய பயிர் என்று கேட்கிறான். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளை அவன். உரையாசிரியர் எவருக்கும் தோன்றாத கேள்வி என்றே நினைக்கிறேன். வயல்காரனின் நட்டத்தை மறக்கச் செய்யும் வேகத்தில் ஒரு காதலன் வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறான். ஈழத்தின் பெயரைத் தாங்கிய மிகப் பழைய புலவரிடமிருந்து நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் இப்படியும் ஒன்று இருக்கிறது என்று தலைவரிடமும் சொன்னேன். காதல் கதைக்கு யார் பதில் சொல்வது என்ற அவருடைய கேள்விக்கு என் பதில் அதுதான்.

இனி, பின்னேரங்களில் வரும் பெண்கள் கேட்ட இறாக்கை. வன்னி வாசிகசாலைகளுக்கு வெளியிலிருந்து நூல் அனுப்பும் நல்ல மனிதர்கள் பெரும்பாலும் போரைப் பற்றிய நாவல்களையே அனுப்புகிறார்கள். அவை எழுதப்பட வேண்டியவை, வாசிக்கப்பட வேண்டியவை. ஆனால் அந்த நாட்களைக் கடந்து வந்த ஒருத்தி, வெங்காயம் உரித்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, மாட்டைக் கட்டிவிட்டு எடுக்கும் அரைமணி நேரத்தில் அதையே திரும்ப வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த வகை நியாயம்? பதுங்குகுழி பற்றிய ஒரு நாவலை நான் நீட்டியபோது ஓர் அம்மா அதைத் தொடாமலே சொன்னார்: "வேண்டாம் ரீச்சர். கலியாணத்திலை முடியிற புத்தகம் ஒண்டு தாங்கோ." இதைவிடத் தெளிவான தெரிவு விதியை நான் எந்த விமரிசகரிடமும் கேட்டதில்லை.

ஆகவே நன்றாக முடியும் கதை என்பதற்காக எதையும் ஒதுக்கவில்லை. ரமணிசந்திரனின் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களில் சிலவற்றை வாங்கினேன். செல்வந்தனான நாயகன், தன்மானமுள்ள நாயகி, நடுவில் ஒரு சந்தேகம், கடைசியில் தெளிவு என்ற பாதை முன்பே தெரிந்ததுதான். தெரிந்திருப்பதுதான் அதன் சுகம். நான் ஒதுக்கியது வேறு வகை: நாயகன் கை நீட்டுவதையும் கட்டாயப்படுத்துவதையும் அன்பின் மிகுதி என்று எழுதி, இறுதியில் நாயகியைக் கொண்டே அதற்கு நன்றி சொல்ல வைப்பவை. மாத நாவல்களிலும் இணையத்தில் தொடராக வந்து நூலானவற்றிலும் இவை குறைவில்லை. நடுவில் ஏதாவது இரண்டு அத்தியாயங்களைப் புரட்டி, நாயகி 'வேண்டாம்' என்று சொல்லும் இடத்தில் கதை என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும். களைத்த மனத்தோடு வாசிப்பவர் வாதாடிக்கொண்டு வாசிப்பதில்லை; அதனால் மற்ற இரண்டு இறாக்கைகளை விட இங்கேதான் தெரிவு செய்பவருக்கு வேலை அதிகம்.

அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யையும் அந்த இறாக்கையிலேயே வைத்தேன். இலக்கியம் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தால் அதை எடுத்திருக்க மாட்டார்கள். 1973 இல் வெளிவந்த அந்த நாவல் தண்ணிமுறிப்புக் காட்டுக் கிராமத்தில் பதஞ்சலியையும் கதிராமனையும் வாழ வைக்கிறது. தப்பிச் செல்வதற்கு ஊட்டியும் சுவிற்சர்லாந்தும்தான் வேண்டும் என்பதில்லை. 1980களில் அந்தப் பக்கத்து மக்கள் ஊரை விட்டு வெளியேற நேர்ந்த பிறகு, நாவலில் இருக்கும் தண்ணிமுறிப்பும் வெகு தொலைவான ஒரு தேசம்தான். அதை வாசித்துவிட்டு வந்த ஒரு பெரியம்மா கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காட்டுப்பாதையைப் பற்றியும், அங்கே தேன் எடுக்கப் போன தன் அண்ணரைப் பற்றியும் வாசலில் நின்று வெகு நேரம் கதைத்தார்.

ஆங்கிலம் பழகும் பிள்ளைகளுக்காக ஜேன் ஆஸ்டினின் 1813 ஆம் ஆண்டு நாவலான 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' நூலின் சுருக்கிய பதிப்பு ஒன்றும் வந்திருக்கிறது. ஐந்து பெண் பிள்ளைகள் உள்ள வீட்டின் சொத்து, ஆண் வாரிசு இல்லாததால் ஒரு தூரத்து உறவினனுக்குப் போகப்போகிறது என்பதுதான் அந்தக் காதல் கதையின் அடிக்கட்டு. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரக் காணி பெற்ற குடியேற்றங்கள் கிளிநொச்சியில் எத்தனை! காணி பெற்றவருக்குப் பின் அது யாருக்குப் போகும் என்ற அந்தச் சட்டத்தின் பின்னுரிமை வரிசையில் நீண்ட காலமாக மூத்த மகனே முன்னால் நின்றான். தமக்கைமார் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கு அலைவதைப் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, நாவலில் வரும் தாய் ஏன் மாப்பிள்ளை தேடிப் பதறுகிறாள் என்பதற்கு அடிக்குறிப்பு வேண்டியிருக்கவில்லை.

பணத்தில் சிறு மீதி இருக்கிறது. அதை மூவர் எழுதிய அந்த 1979 ஆம் ஆண்டு நூலுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். கடைகளில் கேட்டுப் பார்த்துவிட்டேன், பிரதி அகப்படவில்லை. பழைய ஈழத்து நூல்கள் பலவற்றை 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். பிள்ளைகளும் அப்படித்தான் கைபேசியில் விரலால் பெருப்பித்துப் பெருப்பித்து வாசிக்கிறார்கள். ஆனால் டேட்டா முடிந்த பிள்ளைக்கு அச்சுப் பிரதிதான் உதவும். வீட்டில் அந்த நூல் இரண்டு பிரதிகளாக வைத்திருப்பவர்கள் ஒன்றை விற்க விரும்பினால், நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ள நிருவாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பற்றுச்சீட்டு மட்டும் கட்டாயம் வேண்டும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார்.